ஒரு மாத மெலிவு மாஸ்டருக்கு ஒரு பொன்னாடை

கொழும்பில் பொன்னாடைக்கு என்றைக்கும் தட்டுப்பாடு வந்ததில்லை. புத்தகம் எழுதியவருக்கு ஒன்று, அதை வெளியிட்டு வைத்தவருக்கு ஒன்று, முதற்பிரதி வாங்கிய வர்த்தகப் பிரமுகருக்கு ஒன்று, நன்றியுரை சொல்ல ஏறி நாற்பது நிமிடம் பேசியவருக்கும் ஒன்று. இத்தனை பொன்னாடை புழங்கும் ஊரில், ஒருகொடவத்தைச் சந்தியில் மின்கம்பத்தோடு மின்கம்பமாக நின்று, கொள்கலன் லொறிகளின் புகையைக் குடித்து, மழையில் நனைந்து, "30 நாளில் 15 கிலோ குறையுங்கள்" என்று ஒரு தொலைபேசி இலக்கத்தோடு நாட்டுக்கு உழைக்கும் மனிதரை மட்டும் யாரும் மேடைக்கு அழைத்ததில்லை. நன்றி கெட்ட சனம் என்று நம்மை யாராவது சொன்னால் மறுக்க முடியுமா?

அவரை மாஸ்டர் என்போம். வாடிக்கையாளர்கள் அப்படித்தான் அழைக்கிறார்கள். அவர் ஒரு ஆள் அல்ல. ஒருகொடவத்தையில் போஸ்டர், கொட்டாஞ்சேனையில் மாடியறை, வெள்ளவத்தையில் வட்ஸ்அப் குழு, எல்லார் கைபேசியிலும் காணொளி. தூணிலும் இருப்பார் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க எங்கள் பக்கத்தில் நரசிம்மர் கதை தேவைப்படுவதில்லை. பேஸ்லைன் வீதியில் இரண்டு தூணைக் காட்டினால் போதும்.

முதலில் அவருடைய கணக்கை மெச்ச வேண்டும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. பதினைந்து கிலோ என்றால் 115,500. அதை முப்பதால் பிரித்தால் நாளொன்றுக்கு 3,850 கலோரி பற்றாக்குறை வைக்க வேண்டும். விடியச் சமைத்து, பஸ்ஸில் நின்றபடி புறக்கோட்டைக்குப் போய், வேலை முடித்துத் திரும்பும் ஒரு பெண் நாள் முழுதும் செலவழிப்பதே இரண்டாயிரம் கலோரி அளவில்தான். அவள் முப்பது நாளும் பச்சைத் தண்ணீர் தவிர வேறொன்றும் வாயில் வைக்காவிட்டாலும் எட்டுக் கிலோக் கொழுப்புக் கரைவது கஷ்டம். மிச்சம் ஏழு கிலோவை மாஸ்டர் எங்கிருந்தோ எடுத்துத் தருகிறார். கொழுப்பில் இல்லாததை உடம்பின் வேறு மூலைகளில் தேடிப் பிடித்து வெளியேற்றும் அந்த முயற்சிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் இதுவரை ஒரு கலாநிதிப் பட்டம் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் அரசாங்கக் கிளினிக் டொக்டரை ஒப்பிட்டுப் பார்த்தால் பாவமாக இருக்கும். அவர் இருபது வருடம் படித்துவிட்டுச் சொல்லும் ஒரே வார்த்தை: "கிழமைக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ." ஆசையே இல்லாத மனிதர். அவரிடம் போன பெண் வரிசையில் மூன்று மணித்தியாலம் இருந்து, இரத்தம் குத்திக் கொடுத்து, கடைசியில் சோற்றைப் பாதியாக்கி மரக்கறியைக் கூட்டும்படி அறிவுரை கேட்டுக்கொண்டு வருவாள். மாஸ்டர் இரத்தம் கேட்பதில்லை. சீனி வருத்தம் உண்டா, பிரஷர் குளிசை எடுக்கிறாயா, கர்ப்பமா என்று ஒருவருடைய அந்தரங்கத்தில் தலையிடுவதும் இல்லை. முற்பணம் மட்டும் கேட்பார். நாட்டில் வளர்ந்தவர்களில் ஐந்து பேருக்கு ஒருவராவது சீனி வருத்தக்காரர் என்ற நிலையில், சீனியைக் குறைக்கும் குளிசையை வழக்கம்போல விழுங்கிவிட்டுச் சாப்பாட்டை மட்டும் நிறுத்தினால் இரத்தத்தில் சீனி அடிமட்டத்துக்கு விழுந்து ஆள் மயங்கிச் சரியலாம் என்பதெல்லாம் கேள்வி கேட்பவர்களுக்குத்தான் தெரிய வரும். கேட்காதவரிடம் குற்றம் காண்பது அநியாயம்.

அவருடைய முதல் அற்புதம் ஐந்தாம் நாளில் நிகழும். மனித உடம்பு ஈரலிலும் தசையிலும் அரைக் கிலோ அளவில் மாச்சத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைக் கட்டி வைத்திருக்கும். பாணையும் சோற்றையும் நிறுத்தியதும் அந்தச் சேமிப்புச் செலவாகும், கட்டி வைத்த தண்ணீர் மூத்திரமாகப் போகும். தராசு இரண்டு கிலோ இறங்கிக் காட்டும். கொழுப்பு அசைந்திருக்காது. வாடிக்கையாளர் தராசைப் படம் பிடித்துக் குழுவில் போடுவார், எழுபது பேர் கைதட்டுவார்கள், மறுநாள் மூன்று புதிய முற்பணங்கள் வரும். வெறும் தண்ணீரைக் காசாக்கியவர்கள் நாட்டில் பலர் உண்டு. அதுவும் அடுத்தவருடைய தண்ணீரை, போத்தல் செலவுகூட இல்லாமல் விற்றவர் இவர் ஒருவர்தான்.

அவருடைய அட்டவணையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தேன். லமினேட் செய்த ஒரு தாள். காலை, இளஞ்சூட்டு நீரில் இரண்டு கரண்டிப் பொடி. பத்து மணிக்கு வெள்ளரிக்காய். மதியம் கோவா சூப், உப்பில்லாமல். பின்னேரம் சீனியில்லாப் பிளேன்டீ. இரவு அவித்த முட்டையின் வெள்ளை இரண்டு. அடியில் சிவப்பு எழுத்தில் "தேங்காய், எண்ணெய், சோறு, பருப்பு முற்றாகத் தடை". கூட்டிப் பார்த்தால் ஐந்நூறு கலோரியை எட்டினாலே அதிசயம். இதன் பெருமை புரிய ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின் கடைசியில், 1944க்கும் 1945க்கும் இடையில், பஞ்சத்தில் அடிபட்டவர்களை எப்படி மீட்பது என்று அறிய அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். அவர்களாகவே விரும்பி வந்தவர்கள். எடையில் கால்வாசி போனது. இதயத் துடிப்பு மந்தமானது, வெயிலிலும் குளிர்ந்தது, பேச்சும் கனவும் சாப்பாடாகவே இருந்தன. சிலர் சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பட்டினிக்கு அவர் கொடுத்த உணவு நாளுக்குச் சராசரி 1,570 கலோரி. பட்டினியையே ஆராய வந்தவருக்கு அவ்வளவு தாராள மனசு. நம்முடைய மாஸ்டர் அதில் மூன்றில் ஒன்றோடு "ஆரோக்கியம்" தருகிறார்.

அவருக்கு ஆட்களைச் சேர்த்துக் கொடுப்பதில் நம் சமூகத்தின் பங்கையும் மறைக்கக் கூடாது. கனடாவிலிருந்து மாப்பிள்ளை மூன்று கிழமை லீவில் வருகிறார். பெண்ணுக்கு விசயம் தெரிந்து இரண்டு மாதம். மண்டபம், ஐயர், வீடியோக்காரர், நகை எல்லாம் பேசியாகிவிட்டது. இனிக் குறைக்க வேண்டியது பெண்ணைத்தான். வெள்ளவத்தையில் சாரி பிளவுஸ் தைக்கும் ஒரு சின்னக் கடையில், கண்ணாடிக்கு முன்னால் கையைத் தூக்கி நிற்கிறாள் பெண். தையல்காரி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு இடுப்புப் பக்கம் துணியைப் பிடித்துப் பார்க்கிறாள்.

"தங்கச்சி, போன கிழமை எடுத்த அளவு இல்லை இது. இன்னும் ஒரு இஞ்சி உள்ளுக்கு எடுக்கலாம்."

"எடுங்கோ அக்கா."

"இப்ப வெட்டமாட்டன். கலியாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்கு. குத்தி வைக்கிறன், பிறகு பாப்பம்."

மூலையில் இருந்த தாய் மெதுவாக, "முகம் வாடிப்போய்க் கிடக்கு பிள்ளைக்கு" என்கிறாள். அதற்குள் பக்கத்தில் துணி கொடுக்க வந்த இன்னொரு அம்மா முந்திக்கொண்டு விட்டாள்: "அது மேக்கப்பில சரியாகும் அன்ரி. எங்க பிள்ளை போனது? எனக்கும் அந்த நம்பரைத் தாங்கோவன்."

அந்தக் கேள்வியில்தான் மாஸ்டருடைய வர்த்தகம் நிற்கிறது. விளம்பரத்துக்கு அவர் ஒரு சதம் செலவழிக்க வேண்டியதில்லை. கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கும் முன்பே "நல்லா மெலிஞ்சிட்டீங்க" என்று சொல்லும் ஒவ்வொரு வாயும் அவருக்குச் சம்பளமில்லாத முகவர். எப்படி மெலிந்தாய், எவ்வளவு நாளில், தலை சுற்றுகிறதா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மங்கல வேளையில் இப்படிக் கேட்பது அபசகுனம்.

மாஸ்டருடைய மனிதநேயத்தை உண்மையாக உணர்ந்தவர்கள் சத்திரசிகிச்சை நிபுணர்கள். அவர்களுக்கு அவர் அனுப்பும் காணிக்கை பித்தப்பைக் கல். இது எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு தடையும் இதற்கென்றே திட்டமிட்டுப் போட்டது போல இருக்கும். கொழுப்பு மளமளவென்று கரையும்போது ஈரல் கொலஸ்ட்ரோலைப் பித்தநீருக்குள் வழக்கத்தை விடக் கூடுதலாகத் தள்ளுகிறது. பித்தப்பை அந்த நீரைச் சேமித்து வைத்து, சாப்பாட்டில் கொழுப்பு வந்ததும் சுருங்கி வெளியே விடும். தேங்காய்ப்பால் இல்லை, எண்ணெய் இல்லை என்றால் அதற்குச் சுருங்குவதற்கு வேலையே இல்லை. நாள் கணக்கில் தேங்கிக் கிடக்கும் நீரில் கொலஸ்ட்ரோல் படிந்து மணலாகும், மணல் கல்லாகும். வருடக்கணக்கில் ஆவதில்லை, கிழமைக்கணக்கில் ஆகிறது. 1989இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் நாளுக்கு ஐந்நூறு கலோரி அளவில் எட்டுக் கிழமை வரை இருந்த 51 பேரை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். தொடங்கும்போது கல் இல்லாதவர்கள். முடியும்போது 13 பேருக்குக் கல். மூன்று பேருக்குப் பித்தப்பையையே வெட்டி எடுக்க வேண்டி வந்தது. கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்குகிறவர்களுக்கு இந்த ஆபத்து மளமளவென ஏறுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகளும் சொல்லின. மாஸ்டர் வாக்களிப்பது கிழமைக்கு மூன்றரைக் கிலோ.

கல்லின் நாகரிகத்தையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அது விருந்துக்குக் காத்திருக்கும். கலியாணம் முடிந்து, ஒரு மாதமாக வாயைக் கட்டிய பெண் கால்மாறு விருந்தில் ஆட்டிறைச்சிப் புரியாணி சாப்பிடுவாள். நீண்ட நாள் சும்மா கிடந்த பித்தப்பை முதல் தடவையாக இறுக்கிச் சுருங்கும். வலது விலாவுக்குக் கீழே தொடங்கி முதுகுக்கும் வலது தோளுக்கும் ஏறும் அந்த வலியை "காஸ்" என்று சொல்லி, வீட்டில் இஞ்சித் தண்ணி போட்டுக் கொடுப்பார்கள். கல் நழுவிக் குழாயில் போய் அடைத்தால் கணையம் வீங்கும். அது உயிரோடு விளையாடுகிற வருத்தம். ஆனால் அதற்குள் மாப்பிள்ளையின் லீவும் முடிந்திருக்கும், மாஸ்டருடைய முப்பது நாளும் முடிந்திருக்கும். ரசீதில் உத்தரவாதம் முப்பது நாளுக்குத்தான்.

தலைமயிர் இதைவிட மரியாதை தெரிந்தது. உடம்பு பட்டினி என்று கண்டதும் மயிர்க்கால்கள் வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போகும். ஆனால் உடனே உதிராது. இரண்டு மூன்று மாதம் பொறுத்து, படமெல்லாம் எடுத்து அல்பம் கைக்கு வந்த பிறகு, சீப்பில் கொத்துக் கொத்தாக வரும். அப்போது யாரும் மாஸ்டரை நினைப்பதில்லை. கொழும்புத் தண்ணியைத்தான் திட்டுவார்கள். அதற்குரிய எண்ணெய் விற்பவர் வேறு மின்கம்பத்தில் இருக்கிறார்.

இதயமும் ஒரு தசைதான் என்பது மாஸ்டருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தசையைக் கரைப்பதில் இவ்வளவு தேர்ந்தவர் அதை மட்டும் விட்டுவைப்பாரா? இந்தத் துறையில் அவருக்கு முன்னோடிகள் உண்டு. 1976இல் அமெரிக்காவில் ரொபர்ட் லின் என்ற டொக்டர் "கடைசி வாய்ப்பு உணவு" என்ற பொருளில் ஒரு புத்தகம் போட்டார். சாப்பாட்டை முற்றாக விட்டுவிட்டு, அறுத்த மாடுகளின் தோலும் சவ்வும் எலும்பும் காய்ச்சி எடுத்த ஒரு புரதச் சாற்றை மட்டும் குடிக்க வேண்டும். புத்தகம் இலட்சக்கணக்கில் விற்றது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்துக்குள், அப்படிக் குடித்தவர்களில் ஐம்பதுக்கு மேற்பட்டோரின் மரணங்கள் அந்த நாட்டு அதிகாரிகளின் கவனத்துக்கு வந்தன. பலருக்கு இதயம் திடீரெனத் தாளம் தப்பி நின்றிருந்தது. பிரேத பரிசோதனையில் இதயத் தசை மெலிந்து கிடந்தது. கடைசி வாய்ப்பு என்று பெயர் வைத்த அந்த நேர்மையை இன்றைய போஸ்டர்களில் காண முடிவதில்லை.

ஆஸ்திரேலியக் கிரிக்கெட் பந்துவீச்சாளர் ஷேன் வோர்னை இங்கே சொல்லாமல் விட முடியாது. நமக்கு அவர் வெளியூர்க்காரர் அல்ல. 2003 உலகக் கிண்ணம் தொடங்க இருந்த நேரத்தில் அவருடைய சிறுநீரில் நீர்போக்கி மருந்து இருந்ததைக் கண்டுபிடித்து ஒரு வருடம் தடை போட்டார்கள். தொலைக்காட்சியில் மெலிந்து தெரியத் தாய் கொடுத்த குளிசை என்றார் அவர். உடம்பிலிருந்து தண்ணீரையும் அதோடு உப்புகளையும் வெளியே தள்ளுவதுதான் அந்தக் குளிசையின் வேலை. கொழுப்பை அது தொடுவதே இல்லை. தடை முடிந்து முதல் டெஸ்ட் விளையாட அவர் இறங்கியது நம்முடைய காலியில், 2004 மார்ச்சில். அங்கேதான் ஐந்நூறாவது விக்கெட். சில நாள் கழித்துக் கண்டியில் நம்முடைய முரளிதரனும் ஐந்நூறைத் தொட்டார். அந்த வோர்ன் 2022 பெப்ரவரி கடைசியில் தன்னுடைய பழைய கட்டுடல் படமொன்றைப் போட்டு, உடம்பைக் குறைக்கும் படலம் தொடங்கிப் பத்து நாள் ஆயிற்று, யூலைக்குள் இப்படி ஆக வேண்டும் என்று எழுதினார். மார்ச் 4ஆம் திகதி தாய்லாந்தில் இறந்தார், 52 வயதில். இரண்டு கிழமையாக வெறும் பானங்களில் இருந்தார், இப்படி அடிக்கடி செய்வார் என்று அவருடைய முகாமையாளர் பிறகு சொன்னார். பிரேத பரிசோதனை இயற்கை மரணம் என்றது. சிகரெட்டும் இருந்தது, வேறு காரணங்களும் இருந்திருக்கலாம். அந்தப் பானம்தான் கொன்றது என்று எந்த டொக்டரும் நிறுவவில்லை, நானும் சொல்ல வரவில்லை. உலகத்திலேயே நல்ல டொக்டர்களை விலைக்கு வாங்கக்கூடிய ஒருவரும் பதினான்கு நாள் வெறும் பானத்தைத்தான் நம்பினார் என்பதை மட்டும் கவனித்தால், மாஸ்டருடைய சரக்கு எவ்வளவு உயர்ந்த இடங்களிலும் விலைபோகிறது என்பது விளங்கும்.

பொடிக்குள் என்ன இருக்கிறது என்ற வீண் ஆராய்ச்சி வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். மூலிகை என்று தகரத்திலேயே எழுதியிருக்கிறது. சிபுட்ரமின் என்று ஒரு பசியடக்கி மருந்து இருந்தது. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று 2010இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அதைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டன. சந்தையிலிருந்து போன மருந்து எங்கே போனது என்று தேடியவர்கள், பல நாடுகளில் "இயற்கை" மெலிவுக் கோப்பியிலும் தேயிலையிலும் கூட்டுக் குளிசையிலும் அதைக் கண்டுபிடித்தார்கள். இயற்கையின் கருணைக்கு எல்லையில்லை. இங்கே மருந்தைப் பதிந்து சோதிக்க 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. இறக்குமதிப் பொருட்களைத் திறந்து பார்க்க ஒருகொடவத்தையிலேயே சுங்கத்தின் கொள்கலன் தரிப்பிடங்கள் இருக்கின்றன. லொறிகள் அங்கே நாள் கணக்கில் வரிசையில் காய்கின்றன. மாஸ்டர் அரச ஊழியர்களுக்கு அந்தத் தொந்தரவைக் கொடுப்பதில்லை. அவருடைய சரக்கு டுபாயிலிருந்தோ பாங்கொக்கிலிருந்தோ வரும் யாரோ ஒருவருடைய கைப்பையில், உடுப்புக்கு நடுவில், ஓசையில்லாமல் வந்து சேர்ந்துவிடும்.

கடலுக்கு அந்தப் பக்கத்திலும் அவருக்குக் கிளைகள் உண்டு. 2025 யூலையில் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சலுக்குப் பக்கத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன், காணொளி பார்த்து மூன்று மாதமாகப் பழச்சாறு மட்டும் குடித்து வந்தவன், மூச்சுத் திணறி இறந்தான் என்று செய்தி வந்தது. 2026 ஜனவரியில் மதுரையில் ஒரு கல்லூரி மாணவி, இதேபோல் ஒரு காணொளி சொன்னதைக் கேட்டு நாட்டு மருந்துக்கடையில் வெங்காரம் வாங்கி உட்கொண்டு இறந்துபோனாள். அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேலியாக எழுத எனக்குக் கை வராது. தம் உடம்பைப் பார்த்து யாரோ சொன்ன ஒரு சொல்லைத் தாங்க முடியாத வயது அது. காணொளிக்காரர்களைப் பற்றி எழுதக் கை வரும்: பார்த்தவர்களின் எண்ணிக்கை அவர்களுக்கு அன்றைக்கும் ஏறியிருக்கும், விளம்பரக் காசும் வந்திருக்கும்.

எங்கள் பக்கத்துச் சனங்களைப் பொறுத்தவரையில் மாஸ்டருக்கு ஒரு பெரிய போட்டியாளர் இருந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். 2022இல் அரசாங்கம் அந்தத் தொழிலில் இறங்கியது. அந்த ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம், அதாவது போன வருடம் நூறு ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுக்கு நூற்றித் தொண்ணூற்றைந்து ரூபாய். முற்பணம் இல்லை, பொடி இல்லை, லமினேட் தாள் இல்லை, கொலன்னாவையிலிருந்து கொட்டாஞ்சேனை வரை முழுக் குடும்பங்களுக்கும் ஒரே அட்டவணை. காலையில் பிளேன்டீ. மதியம் சோறும் ஒரு கீரையும். இரவில் பிள்ளைகள் சாப்பிட்டு மிஞ்சினால் தாய்க்கு. பருப்பு, மீன், முட்டை முற்றாகத் தடை. காஸ் சிலிண்டருக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்பது உடற்பயிற்சி. மாஸ்டர் கனவிலும் காணாத பெறுபேறு.

ஆனால் பாருங்கள், அந்த மெலிவை ஒருவரும் படம் பிடித்துக் குழுவில் போடவில்லை. முன்னர், பின்னர் என்று பக்கத்தில் பக்கத்தில் ஒட்டவில்லை. எங்கள் தோட்டத்தில் அந்த வருடம் சட்டை தொளதொளத்துப்போன பெண்ணைப் பார்த்து, "என்ன பிள்ளை, ஏதும் வருத்தமோ?" என்றுதான் கேட்டார்கள். நாலு கிலோமீற்றர் தள்ளி மண்டப வாசலில் அதே தொளதொளப்புக்கு வாழ்த்துச் சொன்னார்கள். இரண்டு இடத்திலும் தசை ஒரே மாதிரித்தான் கரைந்தது, இரும்புச் சத்து ஒரே மாதிரித்தான் குறைந்தது, எழும்பும்போது தலை ஒரே மாதிரித்தான் சுற்றியது. ஒரு பட்டினிக்குக் காசு கட்டியிருந்தார்கள் என்பதால் அதற்குத்தான் மரியாதை. இந்த வேறுபாட்டை நமக்குக் கற்றுத் தந்ததற்காகவே மாஸ்டருக்கு இன்னொரு சால்வை போடலாம்.

நியாயமாகப் பேசினால் வேகத்தை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்தின் வடக்கிலும் நடந்த ஓர் ஆய்வின் முடிவை 2017இல் லான்செட் சஞ்சிகை வெளியிட்டது. ஆறு வருடத்துக்குள் இரண்டாம் வகைச் சீனி வருத்தம் வந்தவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் நாளுக்கு 850 கலோரி அளவில் சத்துக் கலந்த பானமும் சூப்பும் மட்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது அவர்களில் 46 வீதமானோருக்குச் சீனி மருந்தில்லாமலே அடங்கியிருந்தது. பெரிய விசயம்தான். ஆனால் அந்த வெள்ளைக்காரருடைய வியாபார மந்தத்தைப் பாருங்கள். தொடங்கும் நாளிலேயே சீனிக் குளிசையையும் பிரஷர் குளிசையையும் டொக்டர் பார்த்து நிறுத்தினார்கள். பானத்தில் விட்டமினும் உப்புகளும் கணக்குப் பார்த்துப் போட்டார்கள். அந்த மாதங்கள் முடிந்ததும் ஆளைக் கைவிடாமல், சாப்பாட்டைப் படிப்படியாகத் திரும்பச் சேர்த்து, மாதா மாதம் கூப்பிட்டு எடை பார்த்தார்கள். தாதியும் போசாக்கு ஆலோசகரும் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். இவ்வளவு செலவழித்து ஒரு ஆளை ஒரே தடவையில் சுகப்படுத்தி அனுப்பிவிட்டால் கடையை எப்படி நடத்துவது?

இந்த விசயத்தில்தான் மாஸ்டர் எல்லாரையும் மிஞ்சுகிறார். அமெரிக்கத் தொலைக்காட்சியில் "மிகப் பெரிய தோல்வியாளர்" என்ற பொருளில் ஒரு போட்டி நடந்தது; யார் அதிகம் மெலிகிறாரோ அவருக்குப் பரிசு. அதில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹோல் என்ற ஆய்வாளரின் குழு ஆறு வருடம் கழித்துத் தேடிப் பரிசோதித்து 2016இல் முடிவை வெளியிட்டது. முப்பது கிழமையில் சராசரியாக 58 கிலோ குறைந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. அதைவிட விசேசம், அவர்களுடைய உடம்பு ஓய்வில் எரிக்கும் கலோரி அவர்களுடைய பருமனுக்கு இருக்க வேண்டியதை விட நாளுக்கு ஐந்நூறு அளவில் குறைந்தே கிடந்தது. பஞ்சம் வந்தது என்று பயந்து அடுப்பைத் தணித்த உடம்பு ஆறு வருடமாகியும் அதைக் கூட்டவில்லை. ஆகவே பழையபடி சாப்பிட்டால் பழையதை விட வேகமாக ஊதும். போன தசை தசையாகத் திரும்பும் என்ற நிச்சயமும் இல்லை, வருவதில் பெரும் பங்கு கொழுப்பு.

இதை விஞ்ஞானிகள் 2016இல்தான் எழுதினார்கள். மாஸ்டருக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது என்பதற்கு அவருடைய போஸ்டரின் கடைசி வரியே அத்தாட்சி, மழையில் மை கரைந்தும் அது மட்டும் வாசிக்கலாம்: "பழைய வாடிக்கையாளர்களுக்கு 10 வீதம் கழிவு."